பெயர் கூவும் பெண்

ஜனவரி 14, திங்கள்

இன்று முதல் புது வீட்டில் வேலை; பக்கத்திலேயே ஒரு வாடகை அறை. ஜப்பானில், சிபா மாநிலத்தின் தென்கோடியில் இசோனே என்ற சின்னக் கடற்கரை ஊர். ரயிலை விட்டு இறங்கியதும் கருவாட்டு வாசனை. வீரபாண்டியன்பட்டணத்துக்காரிக்கு அதற்கு மேல் என்ன வரவேற்பு வேண்டும்?

நான் பார்த்துக்கொள்ளப் போகிறவர் கிதாமுரா சவாகோ. ஐம்பத்தெட்டு வயது. ஏ.எல்.எஸ். நோய். புத்திக்கு ஒன்றும் ஆகாது. உடம்பின் தசைகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே போகும். கைகால்கள் ஏற்கெனவே போய்விட்டன. பேச்சு குழறுகிறது. கணவர் ததாயோஷி, படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். பட்டறை வீட்டோடு ஒட்டியே இருக்கிறது.

"செலின் கொரைரா" என்று பெயரைச் சொன்னேன். இங்கே யார் நாக்கிலும் 'ல' வராது. "செரின்-சான்" என்றார் ததாயோஷி; சான் என்பது இங்கே பெயரோடு சேர்க்கும் மரியாதை. நான்கு வருடமாக ஜப்பானில் எல்லோருக்கும் நான் செரின்தான்.

சவாகோ-சான் என்னை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொன்னார். புரியவில்லை. மறுபடி சொன்னார். அப்போதும் புரியவில்லை. ததாயோஷி தலையைச் சொறிந்தபடி எடுத்துச் சொன்னார்: "இந்த வீட்டுல எதுல வேணும்னாலும் கை வை, என் புருஷன் துண்டுல மட்டும் வைக்காதே, முழுக்க கிரீஸ்னு சொல்றா."

சிரித்துவிட்டேன். சவாகோ-சானுக்கும் சிரிப்பு வந்தது. கன்னம் அசையவில்லை. கண்கள் சிரித்தன.

பிப்ரவரி 3, ஞாயிறு

வீட்டைப் பிடித்த பேயை வறுத்த சோயாக்கொட்டை வீசி விரட்டும் பண்டிகை. ததாயோஷி காகித முகமூடி மாட்டிக்கொண்டு பேயாக வந்தார். சவாகோ-சான் சார்பில் நான் அவர் மேல் கொட்டையை வீசினேன். பிறகு பெருக்கியதும் நானே.

பிப்ரவரி 20, புதன்

டாக்டர் ஹிரோசே வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும் பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசுவார். மூச்சுத் தசைகள் பலவீனமாகி வருகின்றன. தொண்டையில் துளையிட்டு சுவாச இயந்திரம் பொருத்தினால் இன்னும் பல வருடங்கள் வாழலாம். வேண்டாம் என்றால், தசைகள் நிற்கும்போது வலி தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். பொருத்திய பிறகு மனம் மாறினால், இங்கே யாரும் அதைக் கழற்ற மாட்டார்கள்.

"முடிவு உங்களோடது மட்டும்தான். ததாயோஷி-சான், நீங்களும் எதுவும் சொல்லித் தள்ளாதீங்க."

சவாகோ-சான் யோசிக்கக்கூட இல்லை. "வேண்டாம்."

டாக்டர் போன பிறகு என்னிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எனக்கு இப்போது அவர் பேச்சு பாதிக்கு மேல் புரிகிறது. "ராப்பகலா யாராவது பக்கத்துல உட்காரணும். அவருக்கு அறுபத்துநாலு. என் ஆயுசு போதாதுன்னு அவரோடதையும் சேர்த்து நான் தின்னணுமா?"

பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் எடுக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். ததாயோஷி வெறும் இரும்புத் துண்டு ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 29, வெள்ளி

மாநில சபைத் தேர்தலுக்கான பிரசாரம் இன்று தொடங்கியது. ஊரில் போல வேட்டு, கட்அவுட், தோரணம் எதுவும் கிடையாது. ஒரு வெள்ளை வேன் ஊர்ந்து வருகிறது. கூரையில் ஒலிபெருக்கி. ஜன்னல்களில் வெள்ளைக் கையுறைக் கைகள் ஆடுகின்றன. உள்ளிருந்து ஒரு பெண் குரல் வேட்பாளரின் பெயரை மட்டும் திரும்பத் திரும்ப, பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே ஒரு ராகத்தில், கூவிக்கொண்டே போகிறது. இந்தப் பெண்களை உகுயிசு என்று அழைப்பார்களாம். வசந்தத்தில் கூவும் பறவையின் பெயர் அது. நம் குயில் என்று வைத்துக்கொள்ளலாம்.

சவாகோ-சான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "பெயருக்கு நடுவுல மூச்சு வாங்குறா. பாதிப் பெயர்தான் ஜனங்க காதுல விழும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பட்டறைப் பக்கமிருந்து ததாயோஷி சொன்னார்: "முப்பது வருஷம் இந்தக் கரை பூராவும் கூவுனவ அவதான். சவாகோ ஏறின வேன் தோற்காதுன்னு அப்ப ஒரு பேச்சே உண்டு."

நான் அந்த அசையாத உடம்பைப் பார்த்தேன். இதற்குள்ளிருந்தா மலைக்கும் கடலுக்கும் கேட்கிற குரல் புறப்பட்டது?

வேன் எங்கள் வாசலில் நின்றது. செகாவா என்ற வேட்பாளர் இறங்கி, தோளில் பெயர் எழுதிய பட்டையோடு ஆழமாகக் குனிந்து வணங்கினார். ததாயோஷியிடம் நலம் விசாரித்தார். ஆதரவு கேட்டார். சவாகோ-சானைப் பார்த்துக் கையசைத்தார், தூரத்தில் நிற்கிற குழந்தைக்கு அசைப்பது போல. போய்விட்டார்.

"நாலு தேர்தல்ல இவன் பெயரைக் கூவியிருக்கேன்," என்றார் சவாகோ-சான். "ஒரு தடவைகூட 'நீ என்ன நினைக்கிற'ன்னு கேட்டதில்லை."

ஏப்ரல் 1, திங்கள்

மே மாதம் புதிய மன்னர் வருகிறார். அவரோடு புதிய சகாப்தமும் பிறக்கிறது. அதன் பெயரை இன்று அறிவித்தார்கள். அரசாங்க அதிகாரி சட்டமிட்ட காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். இரண்டே எழுத்து. ரெய்வா. தபால்காரர் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று டிவியை எட்டிப் பார்த்தார். பட்டறைக்கு வந்தவர்கள் கையில் உதிரிபாகத்தோடு வாயைப் பிளந்து நின்றார்கள். வருங்காலத்துக்குப் பெயர் வைத்துவிட்டு ஒரு நாடு முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பதை இன்றுதான் கண்டேன். ரெய்வா, ரெய்வா.

சவாகோ-சானும் முயன்றார். 'ர' வரவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

குருத்து ஞாயிறு. பக்கத்து நகரத்துக் கோயிலுக்குப் போய்வந்தேன். அம்மா போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, தூத்துக்குடி மாப்பிள்ள வீட்டுல கேட்டு விட்டாவ. கப்பல்ல வேல. ஒனக்கும் இருவத்தொம்பது ஆயிட்டு. கிறிஸ்மசுக்கு வந்துருவல்லா?"

"வாறேன்மா."

டிசம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். நல்லதுதான். எவ்வளவு காலம் இங்கேயே இருப்பது?

மே 1, புதன்

நேற்று பழைய மன்னர் இறங்கினார். டோக்கியோவில் நாளெல்லாம் மழை. அவர் சொன்னது சில வாக்கியங்கள்தான். மேடையிலிருந்து இறங்கியவர் திரும்பி நின்று ஒருமுறை குனிந்தார். இன்று மகன் ஏறினார். ஆர்ப்பாட்டம் எதுவுமே இல்லாமல் இவ்வளவு பெரிய கதவு எப்படித் திறந்து மூடியது என்று எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

"ரெண்டு சகாப்தம் பார்த்தாச்சு. மூணாவதுல கால் வச்சாச்சு. போதும்," என்றார் சவாகோ-சான். ததாயோஷி டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மே 19, ஞாயிறு

எழுத்துப் பலகை பழகுகிறோம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டில் ஜப்பானிய எழுத்துகள். இருவர் முகத்துக்கும் நடுவே பிடிக்க வேண்டும். அவர் ஓர் எழுத்தைப் பார்ப்பார். என் கண்ணும் அவர் கண்ணும் நேர்கோட்டில் சந்திக்கும் வரை நான் பலகையை நகர்த்த வேண்டும். சந்திக்கிற இடத்தில் இருப்பதுதான் எழுத்து. சரியென்றால் இமை மூடுவார்.

முதல் நாளே சொதப்பினேன். அவர் கேட்டது மிஸு, அதாவது தண்ணீர். நான் ஓர் எழுத்தை இரண்டு முறை சேர்த்து மிமிஸு என்று படித்தேன். மண்புழு. "மண்புழு வேணுமா?" என்று நான் கவலையோடு கேட்க, ததாயோஷி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் ஒன்று. ஒரு மனுஷியின் கண்ணை இவ்வளவு நேரம் இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. அதில் அத்தனை பேச்சு இருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

மூக்கில் மாட்டும் சுவாச முகமூடி வந்தது. இதை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். இரவுக்கு மட்டும் என்றார்கள். பகலிலும் தேவைப்படுகிறது.

ஜூலை 4, வியாழன்

மேலவைத் தேர்தல். நாடு முழுக்க வேன்கள் கிளம்பிவிட்டன. ஒரு புதிய சிறிய கட்சி, உடம்பு பெரும்பாலும் அசையாத இருவரை வேட்பாளர்களாக நிறுத்தியிருக்கிறது. அதில் ஒருவருக்கு சவாகோ-சானின் அதே நோய். தொண்டையில் துளை, இயந்திரத்தில் மூச்சு.

செய்தியில் அவரைக் காட்டியபோது சவாகோ-சான் பலகை கேட்டார்.

"பைத்தியம். பெயர் கூவ முடியாதவன் எப்படி ஓட்டு கேட்பான்?"

ஆனால் அடுத்த செய்தியிலும் அவரைக் காட்டுகிறார்களா என்று சேனல் மாற்றச் சொன்னார். அதற்கடுத்ததிலும்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

ஓட்டுப் போட சவாகோ-சான் நேரில் போவேன் என்றார். வீட்டிலிருந்தே தபாலில் அனுப்ப வழி உண்டு. மாட்டேன் என்றுவிட்டார். ததாயோஷியும் நானும் சக்கர நாற்காலியில் முகமூடி இயந்திரத்தையும் கட்டித் தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுபோனோம். உடற்பயிற்சிக் கூடம்தான் வாக்குச்சாவடி.

இங்கே சின்னம் கிடையாது. பெயரைக் கையால் எழுத வேண்டும். எழுத முடியாதவர்களுக்கு வாக்குச்சாவடி ஊழியர் இருவர் உதவுவார்கள். ஒருவர் எழுத, மற்றவர் சரிபார்க்க. வீட்டாரோ பராமரிப்பவரோ எழுதக்கூடாது. ஊழியர்கள் இருவரும் நகராட்சி இளைஞர்கள். வேர்த்துக் கொட்டியது அவர்களுக்கு. பெயர்ப் பட்டியலை நீட்டி, "நாங்க ஒவ்வொண்ணா காட்டுறோம், கண்ணை மூடுங்க போதும்," என்றார்கள்.

சவாகோ-சான் என்னைப் பார்த்தார். பலகையை எடுத்தேன். "நானே எழுதுவேன்," என்றார். எழுத்து எழுத்தாக.

அதனால் இருவருக்கும் ஓர் ஓரத்தில் பலகையைப் பழக்கினேன். "நீங்க கண்ணைப் பாருங்க, எழுத்தைத் தேடாதீங்க. எழுத்து தானா வரும்." பயிற்சிக்கு சவாகோ-சான் ஒரு சொல் கொடுத்தார். இளைஞன் திக்கித் திக்கி அ, த்ஸு, இ என்று படித்தான். அத்ஸுயி. வெக்கை. "ஆமாங்க, ரொம்ப வெக்கை!" என்று அவன் கத்திவிட, கூடமே சிரித்தது.

பிறகு சிரிப்பு அடங்கியது. சவாகோ-சான் என்னிடம் கடைசியாக ஒன்று சொன்னார்: "நீ திரும்பிக்கோ."

அந்தக் கண்களை என்னைவிட நன்றாகப் படிக்கிறவர் அங்கே யாருமில்லை. அதனால்தான் நான் பார்க்கக்கூடாது. சுவரைப் பார்த்துத் திரும்பி, கூடைப்பந்து வளையத்தின் கிழிந்த வலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ததாயோஷியும் திரும்பிக்கொண்டார்.

வரிசை பின்னால் வாசல் வரை நீண்டது. மீன் சந்தைப் பெண்கள், பெரியவர்கள், தோளில் பிள்ளையோடு ஒரு தகப்பன். யாரும் முணுமுணுக்கவில்லை. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. இயந்திரத்தின் மூச்சும், "இதுவா? இல்லையா? இதுவா?" என்று இளைஞன் தணிந்த குரலில் கேட்பதும் மட்டும். கோயிலில் அப்பம் உயர்த்தும்போது வருமே ஒரு அமைதி, அதை ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் கேட்டேன்.

காகிதம் பெட்டிக்குள் விழுந்தது. யாருக்குப் போட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அந்த இளைஞன் ஓடிவந்து குனிந்தான். "ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன், மன்னிச்சிருங்க."

சவாகோ-சான் பலகையில் சொன்னார்: "நல்லா படிச்சே."

ஜூலை 22, திங்கள்

அந்த வேட்பாளர்கள் இருவருமே ஜெயித்துவிட்டார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் ஈரக் கையோடு டிவிக்கு ஓடினேன். சவாகோ-சான் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பாராளுமன்றம் கூடியது. முன்வரிசையில் நாற்காலிகளை எடுத்துவிட்டு, பெரிய சக்கர நாற்காலிகளுக்கு இடம் செய்திருந்தார்கள். கோட்டுப் போட்ட கனவான்கள் ஒதுங்கி வழிவிட, படுத்த நிலையில், கண்ணை மட்டும் அசைத்து, ஒரு மனிதர் தன் நாட்டின் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தார். நான் பிறந்த நாட்டிலும், வாழ வந்த நாட்டிலும், இப்படியொன்றை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"சத்தத்தைக் கூட்டு," என்றார் சவாகோ-சான்.

கூட்டினேன்.

"இன்னும்."

"என்ன கேட்கணும்?"

"அவரோட மெஷின். மூச்சு விடுது பார்."

எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டதாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அம்மா பட்டுப்புடவையின் படம் அனுப்பியிருந்தாள். அழகான நிறம். பதில் எழுத மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

இதைப் பிற்பகலில் எழுதுகிறேன்.

புயல். விடியும்போது சிபாவின் மேலேயே ஏறிப் போயிருக்கிறது. என் வாடகை அறையின் ஜன்னல் உள்ளே வந்து விழுந்தது. காற்று கொஞ்சம் தணிந்ததும் ஓடினேன். மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. ஓடுகள் தெருவெல்லாம். கிதாமுரா வீட்டில் மின்சாரம் இல்லை; சவாகோ-சானின் முகமூடி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. முகமூடி இல்லாமல் இப்போது அவரால் படுக்க முடியாது. போன் செத்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பாதையில் மரங்கள்.

ததாயோஷி பட்டறை ஜெனரேட்டரை இழுத்துவந்தார். மதியத்துக்கு மேல் தாங்காது. பெட்ரோல் பங்குக்கும் மின்சாரம் இல்லை. அவர் ஓர் அட்டையை எடுத்து, கரிய எஞ்சின் எண்ணெயால் பெரிதாக எழுதி, நாற்சந்தியில் நிறுத்தினார். "கிதாமுரா வீட்டில் சுவாச இயந்திரம். மின்சாரம் தேவை."

திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார். "எவன் வருவான்? எல்லார் வீட்டுலயும் கூரை போயிருக்கு."

முதலில் வந்தது ஹயாசாகா என்ற பெரியவர். அவருடையது மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்து ஓடுகிற கார். அதிலிருந்தே வீட்டுக்குக் கம்பி இழுக்கலாம். ஜன்னல் வழியே கம்பியை நீட்டிவிட்டு, வாசலில் நின்றே தலை குனிந்தார்.

சவாகோ-சான் திகைத்துப் போய்ப் பலகை கேட்டார். "இவர் தம்பியைத்தான் நான் நாலு தேர்தல்ல தோற்கடிச்சேன்."

நான் அதை உரக்கப் படித்துவிட்டேன். படித்த பிறகுதான் உறைத்தது. ஹயாசாகா-சான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஞாபகம் இருக்கு. அவ்வளவு நல்ல குரல். எங்க வீட்டுக்காரியே மயங்கி செகாவாவுக்குப் போட்டுட்டா."

செப்டம்பர் 12, வியாழன்

மின்சாரம் வரவில்லை. கொளுத்துகிற வெயில். ஆனால் கார்கள் நிற்கவில்லை. ஒன்று போக ஒன்று வருகிறது. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. வருகிறவரே அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். வாக்குச்சாவடி இளைஞன்கூட வந்தான். ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்து காரில் காத்திருந்தாள். அவள் வீட்டுக் கூரையில் இப்போது இருப்பது நீலத் தார்ப்பாய். "இருக்கிற பெட்ரோலை வச்சுட்டு நான் எங்க போகப்போறேன்?" என்றாள்.

நான் சவாகோ-சானுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தேன். மாலை, காற்று வரட்டும் என்று கட்டிலை ஜன்னலோரம் தள்ளினோம். அவர் வெகுநேரம் வெளியே பார்த்தார். பிறகு:

"இவங்களை எல்லாம் நான் வேன் ஜன்னல்லேந்துதான் பார்த்திருக்கேன். கூட்டமா. ஓட்டா. ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியல."

செப்டம்பர் 19, வியாழன்

மின்சாரம் வந்தது. ஃப்ரிட்ஜ் உறுமியதைக் கேட்டு ததாயோஷி அதைக் கட்டிப்பிடித்தார்.

செப்டம்பர் 28, சனி

ரக்பி உலகக் கோப்பையில் ஜப்பான், அயர்லாந்தையே தோற்கடித்துவிட்டது. பட்டறையில் ஆண்கள் போட்ட கூச்சலில் மீதியிருந்த ஓடும் விழுந்திருக்கும்.

அக்டோபர் 22, செவ்வாய்

மன்னரின் அரியணை விழா. காலை முழுக்க மழை. திரைகள் விலகி மன்னர் வெளிப்படும் நேரத்துக்கு மழை விட்டு, டோக்கியோ வானத்தில் வானவில் வந்தது. டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ததாயோஷியும் கையில் ஸ்பானரோடு வந்து நின்றார்.

சவாகோ-சான் வானவில்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பலகையை எடுத்தேன்.

"டாக்டரைக் கூப்பிடு. துளை போடச் சொல்லு."

படித்துவிட்டு நான் சரியாகத்தான் படித்தேனா என்று மறுபடி கேட்டேன். இமை மூடித் திறந்தது. ததாயோஷியின் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார். "உங்க ஆயுசைக் கேட்கிறேன். தருவீங்களா?"

ததாயோஷி ஸ்பானரை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். கிரீஸ் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து அந்தச் சுத்தமான கையால் மனைவியின் நெற்றியைத் தொட்டார்.

"பிப்ரவரிலேந்து நாக்கைக் கடிச்சிட்டு இருக்கேன். கேட்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இவ்வளவு நேரமாடி யோசிக்க?"

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அரிசி களைய வேண்டியிருந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

நாளை அறுவை சிகிச்சை. நாளைதான் டோக்கியோவில் போப்பாண்டவரின் பூசையும். எனக்கு அனுமதிச் சீட்டு கிடைத்திருந்தது. ஃபிலிப்பைன்ஸ் தோழியிடம் கொடுத்துவிட்டேன். அத்தனை கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

துளை போட்டால் குரல் போய்விடும். இருப்பது ஒரு முனகல்தான் என்றாலும், அது அவருடையது. "கடைசியா ஏதாவது சொல்லேன், பதிஞ்சு வச்சுக்கிறேன்," என்று ததாயோஷி செல்போனை நீட்டினார்.

சவாகோ-சான் முகமூடியைக் கழற்றச் சொன்னார். மூச்சைச் சேர்த்தார். பிறகு அந்தப் பழைய ராகத்தில், பிரசார வேனின் ராகத்தில், குழறிக் குழறி:

"கிதாமுரா... கிதாமுரா சவாகோ... கிதாமுரா சவாகோ..."

தன் பெயர். பெயருக்கு நடுவில் மூச்சு வாங்கவே இல்லை. விளையாடுகிறார் என்று நினைத்து நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. முகமூடியை மாட்டினேன்.

நவம்பர் 25, திங்கள்

நல்லபடியாக முடிந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

டிசம்பர் 10, செவ்வாய்

டிசம்பர் டிக்கெட்டை ரத்து செய்தேன். விசா புதுப்பிக்கிற வேலை இருக்கிறது, வேறொன்றுமில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "அங்க ஒனக்கு யாருட்டி இருக்கா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அப்புறமா சொல்லுதேம்மா" என்றேன்.

டிசம்பர் 19, வியாழன்

சவாகோ-சான் வீடு திரும்பினார். கன்னத்தில் நிறம் வந்திருக்கிறது. இயந்திரம் ஒரே சீராக மூச்சு விடுகிறது. இத்தனை மாதமாக அவர் மூச்சைப் பார்த்துப் பார்த்து நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது இன்றுதான் தெரிந்தது.

மாலை, பலகை. ததாயோஷி கட்டிலருகே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

"ரி. த்ஸு. கோ. உ. ஹோ."

சேர்த்துப் படித்தேன். ரிக்கோஹோ. தேர்தலில் வேட்பாளராக நிற்பது. செய்தியைக் கேட்கிறாரோ என்று நினைத்து, "யார் நிக்கிறாங்க?" என்றேன்.

"வசந்தத்துல நகர சபைத் தேர்தல். நான்."

ஆரஞ்சு ததாயோஷியின் மடியில் விழுந்தது.

"கரண்ட் போன அன்னிக்கு இந்த ஊர்ல மெஷின்ல மூச்சு விடுறவங்க எத்தனை பேர்னு நகராட்சிக்குத் தெரியாது. நமக்குக் கார் வந்தது. வராத வீடும் இருந்திருக்கும். அதை நான் அங்க போய்க் கேட்கணும்."

ததாயோஷி "பேச..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

சவாகோ-சானின் கண்கள் என் பக்கம் வந்தன.

"செரினுக்கு இங்க ஓட்டு இல்லை. குரல் இருக்கு. வேன்ல ஏறுவியா?"

நான் பலகையைப் பிடித்தபடியே நின்றேன். பிப்ரவரியில் இந்தப் பெண் சாவுக்குத் தயாராக இருந்தார். இப்போது ஒரு விரலும் அசையாமல், ஓர் ஒலியும் எழாமல், ஒரு ஊரின் ஓட்டைக் கேட்கப் புறப்படுகிறார். அம்மா கேட்டதற்கு என்ன சொல்வதென்று எனக்கு அப்போது தெரிந்தது.

"ஏறுறேன்," என்றேன்.

டிசம்பர் 28, சனி

சவாகோ-சான் தூங்கும் நேரம் பார்த்துப் படகுத்துறைக்குப் போனேன். நல்ல காற்று. வருடக் கடைசி என்பதால் படகுகள் எல்லாம் கரையில். துறையின் முனையில் ஒரே ஒரு மீனவர் மட்டும் வலையை மடித்துக்கொண்டிருந்தார்.

வெட்கமாக இருந்தது. முதல் முறை குரல் எழும்பவே இல்லை. இரண்டாம் முறை காற்று தின்றது. வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, கடலைப் பார்த்துக் கூவினேன்.

"கிதாமுரா! கிதாமுரா சவாகோ!"

என் குரல் இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது.

மீனவர் நிமிர்ந்து பார்த்தார். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி கடலைப் பார்த்துக் கத்துகிறாள் என்று நினைப்பார், சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வலையைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். என் பக்கம் திரும்பி, மெதுவாகக் குனிந்து வணங்கினார்.